கொக்குமோட்டையின் கடைசிப் போர்த்துக்கேயன்

போர்த்துக்கேயரை இலங்கையிலிருந்து துரத்தியவர்கள் ஒல்லாந்தர் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. ஆண்டு 1658 என்றும் சொல்கின்றன. பிள்ளைகள் அதைப் பாடமாக்கிப் புள்ளியும் வாங்குகிறார்கள். அது முழுப் பிழை. கடைசிப் போர்த்துக்கேயன் இந்த மண்ணை விட்டு வெளியேறியது அண்மையில்தான். கொக்குமோட்டைப் பிரதேச வைத்தியசாலையின் நிர்வாகக் கிளையில், ஒரு வெள்ளிக்கிழமை, காலைத் தேநீருக்குப் பிறகு. வெளியேற்றியவர் பிரதம எழுதுவினைஞர் திருவாளர் முத்துலிங்கம் அவர்கள். ஆயுதம், ஒரு சிவப்புப் பேனை.

இந்த மகத்தான சம்பவம் ஒரு பல் வைத்தியரின் கழுத்தில் தொடங்கியது.

விசுவமடுவில் பஸ்ஸை விட்டு இறங்கி, அடுத்த பஸ் எப்போது வரும் என்று யாரையும் கேட்காமல் நடக்கத் தொடங்கினால் கொக்குமோட்டை வரும். அங்கே டொக்டர் பிரியந்தினி நாலு வருடமாகப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு முன் வந்த மூன்று பேர், கொண்டுவந்த பெட்டியைத் திறக்க முதலே இடமாற்றப் படிவத்தைத் திறந்தவர்கள். பிரியந்தினிக்கு என்னவோ அந்த ஊர் பிடித்துப்போயிற்று. வீங்கிய கன்னத்தோடு வருகிறவர்கள் சிரித்துக்கொண்டு திரும்பிப் போவதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். அதற்கு மேல் பெரிய இலட்சியம் ஒன்றும் இல்லை.

நோயாளி சாயும் கதிரை நல்ல கதிரை. அது ஏறும், இறங்கும், சாயும். டொக்டர் இருக்கும் கதிரைக்குத்தான் ஒரு குணம் இருந்தது. இருந்தவுடன் அது மெல்ல மெல்லக் கீழே போகும். பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுக்கும்போது நோயாளியின் வாய் மட்டத்தில் இருக்கும் டொக்டர், பல் கழலும் நேரத்தில் நோயாளியின் முழங்கை மட்டத்துக்கு வந்துவிடுவார். ஆகவே அவர் நின்றார். வலது கால் இயந்திரத்தின் மிதியில், பாரம் முழுவதும் இடது காலில், தலை முன்னுக்குக் குனிந்து வலப்பக்கம் சரிந்தபடி. கொக்குமோட்டையில் கொக்குகள் பல உண்டு. ஆனால் காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் இரண்டு மணிவரை ஒற்றைக் காலில் நின்ற கொக்கு அவர் மட்டும்தான். கொக்குக்காவது மீன் கிடைக்கும்.

மனிதத் தலையின் நிறை ஏறக்குறைய ஐந்து கிலோ. குனியக் குனியக் கழுத்துக்கு அந்தப் பாரம் நாலைந்து மடங்காகும். ஊருக்கு இந்த விஞ்ஞானம் தெரியாது என்று சொல்ல முடியாது. ஏனென்றால் ஊரே சொன்னது, டொக்டருக்குத் தலைக்கனம் என்று.

"இடப்பக்கத்தால போய் வணக்கம் சொன்னால் திரும்பியும் பாக்கிறா இல்லை."

அது உண்மை. இடப்பக்கம் திரும்பினால் கழுத்திலிருந்து மின்னல் ஒன்று புறப்பட்டு, தோளால் இறங்கி, வலது பெருவிரலில் போய் நின்றது. பெருவிரலும் அதற்குப் பக்கத்து இரண்டு விரல்களும் விறைக்கத் தொடங்கியிருந்தன. யாழ்ப்பாணத்தில் ஒரு நிபுணர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஒண்டில் இந்த வேலையை விடுங்கோ. இல்லாட்டி இருந்து வேலை செய்யுங்கோ. இப்பிடியே இன்னும் ரெண்டு வருஷம் நிண்டியள் எண்டால், குறடு பிடிக்கிற கை தேத்தண்ணிக் கோப்பையும் பிடிக்காது."

பிரியந்தினிக்குப் பயம் வந்தது. பல் பிடுங்குவதைத் தவிர வேறு வேலை அவருக்குத் தெரியாது. கொக்குமோட்டையில் இருப்பதென்றால் முதலில் இருப்பதற்கு ஒரு கதிரை வேண்டும் என்று விளங்கிக்கொண்டு, திரும்பி வந்த அன்றே ஒரு கடிதம் எழுதினார். அதில் ஒரே ஒரு வசனம்: "நான் இருந்து வேலை செய்ய, உயர்த்தவும் பதிக்கவும் கூடிய ஒரு கதிரை தேவை."

முத்துலிங்கத்தார் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"டொக்டர், இதில ஒரு சொல்லுப் பிழை."

"எது ஐயா?"

"கதிரை."

"கதிரையில என்ன பிழை? உடைஞ்சது தவிர?"

"அது போர்த்துக்கேயச் சொல். அவங்கள் போய் முந்நூற்றறுபது வருஷம் தாண்டிட்டுது. அவங்கட சொல்லை நாங்கள் இன்னும் தூக்கிக்கொண்டு திரியவேணுமோ? அதுவும் உத்தியோகபூர்வக் கடிதத்தில?"

இப்படிச் சொல்லிவிட்டு அவர் தன் கதிரையிலிருந்து எழுந்து, சாவியால் அலுமாரியைத் திறந்து, அகராதியை எடுத்து, ஜன்னலோரம் கிடந்த மேசையில் விரித்தார். இந்த ஒரு வசனத்தில் மட்டும் கதிரை, சாவி, அலுமாரி, ஜன்னல், மேசை என்று ஐந்து போர்த்துக்கேயர் ஒளிந்திருக்கிறார்கள். கடிதம் எதிலும் அகப்படாதபடியால் தப்பினார்கள்.

"அப்ப இருக்கை எண்டு போடுங்கோவன்."

"இருக்கை பஸ்ஸில இருக்கிறது, டொக்டர். ஒரு பதவிநிலை உத்தியோகத்தருக்கு அது மதிப்பில்லை. 'ஆசனம்'. சொல்லிப் பாருங்கோ. ஒரு கம்பீரம் தெரியுதோ?"

"ஆசனம் வடமொழி எல்லே ஐயா?"

"அது கோயில் பாஷை. அது வேற."

பிரியந்தினிக்குப் பெயரில் அக்கறை இல்லை. இருந்தால் கீழே போகாமல் நின்றால் போதும். சிவப்புப் பேனை 'கதிரை'யின் கழுத்தில் ஒரு கோடு போட்டது. மாலைக்குள் கடிதம் புது உடுப்புப் போட்டு வந்தது: "பற்சிகிச்சைப் பிரிவின் வைத்தியருக்கு உயர்வான ஓர் ஆசனம் அத்தியாவசியமாகத் தேவைப்படுகின்றது என்பதையும், மேற்படி ஆசனமின்றி மக்கள் சேவையினைத் தொடர இயலாதுள்ளது என்பதையும் தயவுடன் அறியத்தருகின்றேன்." பிரியந்தினி கையெழுத்து வைத்தார். அது கோணலாக விழுந்தது. பேனை கையில் இருக்கும் செய்தி பெருவிரலுக்குப் போய்ச் சேரவில்லை.

எட்டு மாதத்தில் பதில் வந்தது. அலுவலகத்தின் வேகத்தைக் குறை சொல்லக்கூடாது. இடையில் பிரதேச சபைத் தேர்தல் அறிவித்திருந்தார்கள். தேர்தல் காலத்தில், மக்கள் சேவைக்காக, உயர்வான ஆசனம் கேட்டு ஒரு கடிதம் வந்தால் மேலிடம் எப்படி விளங்கிக்கொள்ளுமோ, அப்படியே விளங்கிக்கொண்டது. "பதவியிலிருக்கும் உத்தியோகத்தர் ஒருவர் ஆசனம் கோருவது விதிகளுக்கு முரணானதாகும். ஆசனம் வேண்டுமாயின் முதலில் பதவி விலகல் வேண்டும். பதினான்கு நாட்களுக்குள் விளக்கம் தருக."

கடிதம் திறந்த உறையில் வந்ததால் ஊர் முதலில் வாசித்தது. மறுநாள் உடையார்கட்டிலிருந்து வந்த ஒரு பெண், வாய்க்குள் பஞ்சை வைத்துக் கடித்தபடியே கேட்டாள்: "எந்தக் கட்சி எண்டு சொன்னியள் எண்டால் நாங்கள் புள்ளடி போடுறம் டொக்டர். ஆனால் நீங்கள் வெண்டு போனால் எங்களுக்குப் பல்லுப் பிடுங்க ஆர் வருவினம்?"

பற்சிகிச்சைப் பிரிவின் உதவியாளர் ஜெயரூபி வெளியே போய் நிலைமையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஒருத்தர் உங்கட சின்னம் என்ன எண்டு கேக்கிறார், டொக்டர்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"குறடு எண்டு சொல்லிப்போட்டன்."

பிரியந்தினி சிரித்தார். சிரித்ததும் கழுத்து நொந்தது. நேரே நிர்வாகக் கிளைக்குப் போய், "ஐயா, தயவுசெய்து கதிரை எண்டே எழுதுங்கோ" என்றார். முத்துலிங்கத்தார் கையை உயர்த்தினார். தாய்மொழி சறுக்கிவிட்டது என்பதற்காக அதைக் கைவிடுகிறவர் அல்லர் அவர். உடனே, தன் கையாலேயே, ஐயத்துக்கு இடமில்லாத ஒரு விளக்கம் எழுதினார்: "முன்னர் கோரப்பட்டது அரசியல் ஆசனம் அன்று. உடல்நோவு நீங்கும்பொருட்டு, தினமும் பயிற்சியின்போது பயன்படுத்தத்தக்க ஆசனமேயாகும்."

"பயிற்சி எண்டால் என்ன ஐயா?"

"நீங்கள் செய்யிற தொழில். வைத்தியப் பயிற்சி. இனி ஒருத்தரும் பிழையா விளங்கேலாது."

ஐந்து மாதம் கழித்து வெள்ளை உடுப்போடு ஒருவர் வந்து இறங்கினார். பெயர் ஜெயந்தன். கக்கத்தில் ஒரு சுருட்டிய பாய். கையில் ஒரு கடிதம்: "தங்களது கோரிக்கை பூரணமாக நிறைவேற்றப்பட்டுள்ளது. கோரப்பட்ட ஆசனம் ஒன்று. வழங்கப்படும் ஆசனங்கள் பன்னிரண்டு. யோகா போதனாசிரியர் இத்தால் அனுப்பிவைக்கப்படுகின்றார்."

எந்த நாட்டு அரசாங்கம் இப்படிச் செய்யும்? ஒன்று கேட்டவருக்குப் பன்னிரண்டு! முத்துலிங்கத்தார் அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்.

தொடக்க விழா வைக்காமல் ஒரு திட்டத்தைத் தொடங்குவது மரபல்ல. "பணிச்சூழலியலும் வலியற்ற பல்வைத்தியமும்" என்று வைத்தியசாலை வாசலில் பதாகை கட்டினார்கள். விருந்தினர்களுக்காக எழுபத்தைந்து பிளாஸ்ரிக் கதிரைகள் வாடகைக்கு வந்தன. பிரதம விருந்தினரின் கதிரைக்கு வெள்ளைத் துவாயும் போர்த்தினார்கள். விழாவின் நாயகி என்பதால் பிரியந்தினியை எல்லோருக்கும் தெரியும்படி மேடையோரத்தில் நிற்கச் சொன்னார்கள். நெடுநேரம் நிற்பதால் முதுகெலும்புக்கு வரும் கேடுகள் பற்றிப் பிரதம விருந்தினர் ஒரு மணித்தியாலமும் நாற்பது நிமிடமும் பேசினார். பிரியந்தினி அவ்வளவு நேரமும் நின்று கேட்டார். எதிரே எழுபத்தைந்து கதிரைகளும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பதாகையின் பலன் மறுநாள் தெரிந்தது. வழமையாக நாற்பது பேர் வரும் இடத்தில் தொண்ணூற்று மூன்று பேர் நின்றார்கள். பூநகரியிலிருந்து மூன்று பஸ் மாறி ஒரு குடும்பம் வந்திருந்தது.

"நோகாமல் பிடுங்கிறியளாம் எண்டு வாசல்ல போட்டிருக்கு, டொக்டர். அதுதான் எல்லாரும் வந்தனாங்கள்."

"நோகாமல் இருக்கவேண்டியது நான், அம்மா."

"ஆ?"

"ஒண்டுமில்லை. வாயைத் திறவுங்கோ."

ஒவ்வொரு செவ்வாயும் எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை ஆசனம். வெளியே பல்வலிக்காரர் கன்னத்தைப் பிடித்தபடி வரிசையில் நிற்பார்கள். உள்ளே ஊழியர்கள் வலியை வெல்வார்கள். ஜெயந்தன் நல்ல மனிதர். பிரியந்தினியின் கழுத்தைப் பார்த்ததுமே பாதிப் பயிற்சிகளை அவருக்கு வேண்டாம் என்றார். பன்னிரண்டாவது பயிற்சிக்கு வந்தபோதுதான் சிக்கல்.

"இதுக்குப் பேர் கதிரை ஆசனம். உங்களுக்குப் பின்னால ஒரு கதிரை இருக்கெண்டு நினையுங்கோ. அதில இருக்கிற மாதிரி முழங்காலை மடிச்சு நில்லுங்கோ. முப்பது செக்கன்."

"எனக்கு ஆறு மணித்தியாலம் வேணும், மாஸ்ரர்" என்றார் பிரியந்தினி.

ஜெயந்தன் மடித்த முழங்காலை நிமிர்த்தினார். "டொக்டர், உங்களுக்கு உண்மையா வேண்டியது ஒரு கதிரை எல்லே?"

பதின்மூன்று மாதத்தில் ஓர் அரச உத்தியோகத்தரின் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்தது அதுதான் முதல் தடவை. பிரியந்தினிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் பின் வரிசையிலிருந்து முத்துலிங்கத்தார் குறுக்கிட்டார்.

"மன்னிக்கவேணும் மாஸ்ரர். கதிரை ஆசனம் எண்டு சொல்லேலாது. அரைவாசி போர்த்துக்கேயம். பேரை மாத்தவேணும்."

அன்றிலிருந்து அந்தப் பயிற்சியின் பெயர் 'ஆசனாசனம்'.

இந்தக் கட்டத்தில் மஹ்றூப்புக்குக் கடைவாயில் கொடுப்புப் பல் வலித்தது. அவர் முல்லைத்தீவில் உழவு இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் விற்கும் வியாபாரி. கதிரையில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டிருப்பவருக்குப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அவர் பார்த்தார். ஒற்றைக் காலைப் பார்த்தார். சரிந்த கழுத்தைப் பார்த்தார். குறடு இரண்டு தரம் கையிலிருந்து வழுகியதையும் பார்த்தார். வாய் விடுதலையானதும் கேட்டார்:

"ஏன் டொக்டர் நிண்டுகொண்டு செய்யிறியள்?"

"இருக்கிறதுக்கு எழுதிக் கேட்டிருக்கு."

"எழுதிக் கேட்டால் எப்பிடி வரும்?" என்றார் மஹ்றூப், உண்மையாகவே விளங்காமல்.

அடுத்த கிழமை அவர் ஒரு சாமானோடு வந்தார். பழைய உழவு இயந்திரம் ஒன்றின் இரும்புச் சீற். கீழே பாரத்துக்கு வட்டமான கலப்பைத் தட்டு. இரண்டுக்கும் நடுவே திருகினால் ஏறி இறங்கும் தண்டு.

"நாள் முழுக்க வயல் உழுகிறவன்ர முதுகுக்கு எண்டு செய்த சீற், டொக்டர். பல்லு உழுகிற உங்களுக்குச் சரிவராமல் போகாது."

பிரியந்தினி இருந்தார். அது கீழே போகவில்லை. கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார், அப்போதும் போகவில்லை. ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அவரது இரண்டு பாதங்களும் ஒரே நேரத்தில் நிலத்தில் பட்டன. அன்றைக்கு முப்பத்தெட்டுப் பல். பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது, இடப்பக்கத்தால் வணக்கம் சொன்ன ஒருவருக்குத் திரும்பி வணக்கம் சொன்னார். அந்த மனிதர் திகைத்துச் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார்.

இந்த ஒழுங்கீனம் மூன்று கிழமை நீடித்தது. நல்லகாலம், வருடாந்தப் பொருட்பரிசோதனை வந்தது. பதிவேட்டோடு முத்துலிங்கத்தார் வந்தார்.

"இது என்ன டொக்டர்?"

"கதிரை, ஐயா."

"பதிவேட்டில இல்லையே."

"பதியுங்கோ."

"எப்பிடிப் பதியிறது? உங்கட ஆசனக் கோரிக்கை நிறைவேறிக் கோப்பு மூடியாச்சு. பன்னிரண்டு ஆசனம் தந்தாப் பிறகும் பதின்மூண்டாவது ஒண்டு வச்சிருக்கிறா எண்டால் மேலிடம் என்ன நினைக்கும்? ஆசை பிடிச்ச ஆள் எண்டு நினைக்காதோ? உங்கட பேரைக் காப்பாற்றத்தான் சொல்லுறன்."

பிரியந்தினியின் பெயர் காப்பாற்றப்பட்டது. சீற் களஞ்சியத்துக்குப் போனது. களஞ்சியக் காப்பாளர் ஐயாத்துரை அதில் ஒரு கடதாசித் துண்டு கட்டினார்: "உழவு இயந்திரப் பாகம் ஒன்று. உரிமை கோருவார் இல்லை." பிரியந்தினி மறுபடி நின்றார். நிபுணர் சொன்ன இரண்டு வருடத்தில் மிச்சம் நாலு மாதம். விறைப்பு இப்போது மணிக்கட்டைத் தாண்டியிருந்தது.

இனி வருவதை ஞானத்தின் திருவிளையாடல் என்றுதான் சொல்லவேண்டும். முத்துலிங்கத்தாருக்கு ஞானப்பல் வலித்தது. அவருக்கு ஞானம் முளைத்திருந்ததே கோணலாகத்தான். ஒரு வியாழக்கிழமை காலை, பப்பாசிப்பழம் போல வீங்கிய கன்னத்தோடு அவர் வந்து கதிரையில் சாய்ந்தார். பிரியந்தினி விறைப்பூசி போட்டார். பத்து நிமிடம் விட்டுக் குறட்டைப் பிடித்தார். பிடித்த குறடு கையிலிருந்து நழுவித் தட்டில் விழுந்தது. எடுத்துப் பிடித்தார். மறுபடி விழுந்தது.

பழிவாங்கும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. உள்ளதைச் சொன்னார்.

"ஐயா, பல்லுப் படுத்துக் கிடக்கு. நிண்டுகொண்டு எடுக்க என்ர கையால ஏலாது. இருந்தால் எடுப்பன்."

முத்துலிங்கத்தார் ஜெயரூபியிடம் தொலைபேசியைக் கேட்டுக் கைகாட்டினார். களஞ்சியம் அவர் குரலுக்கு மட்டும்தான் திறக்கும்.

"ஆ… ன…" என்றார். விறைத்த உதடும் வீங்கிய கன்னமும் ஆசனத்தை விழுங்கிவிட்டன. 'ம்' சொல்ல இரண்டு உதடும் கூடவேண்டும், ஒன்று வரவில்லை.

"ஆர் கதைக்கிறது?" என்றார் ஐயாத்துரை மறுமுனையில்.

"ஆ… ன…!"

"ஆனையோ? எங்க நிக்குது? தனியனோ, கூட்டமோ?"

"ஆ…!"

"கிட்டப் போகாதேங்கோ! கேற்றைப் பூட்டுங்கோ! நான் ஆனை விரட்டுற வெடிக்காரருக்குச் சொல்லுறன்!"

வலியோடு ஒரு ஆனையும் சேர்ந்தால் எந்த மனிதனும் தன்னை மறப்பான். முத்துலிங்கத்தார் நெஞ்சின் அடியிலிருந்து கத்தினார்:

"கதிரை! கதிரை! அந்தக் கதிரை!"

அந்தச் சொல்லுக்கு உதடே தேவையில்லை. தெளிவாக வந்தது. பத்து நிமிடத்தில் சீற்றும் வந்தது. ஐயாத்துரையே தூக்கிக்கொண்டு, வழியில் ஆனை நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து வந்தார்.

பிரியந்தினி இருந்தார். உயரத்தைத் திருகினார். குறட்டை இரண்டு கையாலும் பிடித்தார்.

"ஐயா, ஒண்டுதானே வேணும்? கேட்டால் பன்னிரண்டு தர எனக்கும் ஏலும்."

முத்துலிங்கத்தார் அவசரமாக ஒற்றை விரலைக் காட்டினார். ஒன்று மட்டும் வந்தது.

மறுநாள் காலை பிரியந்தினி வேலைக்கு வந்தபோது சீற் அங்கே இல்லை. கலப்பைத் தட்டு இருந்த இடத்தில் நிலத்தில் ஒரு வட்டம் மட்டும் இருந்தது. களஞ்சியப் பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: "அவசர அரச தேவை நிமித்தம் விடுவிக்கப்பட்டு மீளப் பெறப்பட்டது." இந்த நிர்வாகத்துக்கு அடுத்தவர் நோவு தெரியாது என்று இனி யாரும் சொல்லக்கூடாது. நன்றாகவே தெரியும். தன் கொடுப்பில் நொந்தால் பத்து நிமிடத்தில் கதிரை வரும். அடுத்தவர் கழுத்தில் நொந்தால் பதின்மூன்று மாதத்தில் ஆசனம் வரும்.

இவ்வளவு காலமும் வராத கோபம் அந்த வட்டத்தைப் பார்த்ததும் பிரியந்தினிக்கு வந்தது. இடது கையால், சின்னப்பிள்ளை எழுத்தில், மூன்று வசனம் எழுதினார்: "எனக்கு இங்கே இருக்க விருப்பம். இருக்க ஒரு கதிரை இல்லை. ஆகவே போகிறேன்."

முத்துலிங்கத்தார் வாயில் பஞ்சோடு வாசித்தார். அவருக்கும் மனம் கனத்தது. முந்தின நாள்தான் அந்தக் கை அவரது வலியை எடுத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு சிவப்புப் பேனையால் 'கதிரை'யின் கழுத்தில் மறுபடி ஒரு கோடு போட்டார்.

பிரியந்தினி இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு காரியாலயத்தில் கோப்புப் பார்க்கிறார். அங்கே அவர் பிடுங்க ஒரு பல்லும் இல்லை. ஆனால் போன முதல் நாளே, கேட்காமலே, உயர்த்தவும் பதிக்கவும் கூடிய சுழல்கதிரை ஒன்று கொடுத்தார்கள். கொக்குமோட்டையில் பற்சிகிச்சைப் பிரிவுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் பதாகையை வாசித்துவிட்டுத் திரும்பி நடக்கிறார்கள். அவர் ஏன் போனார் என்று கேட்டால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது.

"ஆசனம் குடுக்கேல்லையாம். அந்தக் கோபத்தில போயிட்டா."

தேடிப் பார்க்கிறவர்கள் பார்க்கலாம். கொக்குமோட்டைப் பிரதேச வைத்தியசாலையின் கோப்புகளில் இன்றைக்கு ஒரு போர்த்துக்கேயச் சொல்லும் இல்லை. பல் வைத்தியரும் இல்லை.